பாப்-அப் கேம்பர் வாங்கும் முன் ட்ரக் கதவைத் திறந்து பாருங்கள்

இன்னைக்கு எபிசோட் ஒரு தப்புக் கணக்கைப் பற்றியது. கணக்குப் போட்டது நான்தான். எஞ்சினியரிங் டிகிரி இருக்கு, தினமும் கோட் எழுதித்தான் சம்பளம் வாங்குறேன். ஆனால் ஆறேழு எண்ணைச் சரியாகக் கூட்டாமல், ஒரு மலைப்பாதையில் பக்கத்து சீட்டில் மனைவியையும் வைத்துக்கொண்டு மாட்டிக்கிட்டேன்.

முதல்ல பொருள் என்னன்னு சொல்லிடறேன். நான் இருப்பது அமெரிக்காவில், டென்வரில். இங்கே பிக்கப் ட்ரக் வைத்திருப்பவர்கள் சிலர் அதன் பின்பக்கத் தொட்டியில் ஒரு குட்டி வீட்டையே இறக்கி வைத்துக்கொள்வார்கள். அதுதான் ட்ரக் கேம்பர். பாப்-அப் வகையில் கூரை மட்டும் மேலே எழும்பும். ஓட்டும்போது கூரை கீழே மடங்கி, ட்ரக் கேபினைவிடக் கொஞ்சம்தான் உயரமாக இருக்கும். காற்று அவ்வளவாகப் பிடிக்காது, மண்ரோட்டில் மரக்கிளை இடிக்காது. போய்ச் சேர்ந்ததும் கூரையைத் தள்ளித் தூக்கினால் நாலு பக்கமும் துணிச் சுவர் விரியும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கேபினுக்கு மேலே நீட்டிக்கிட்டிருக்கிற பகுதியில்தான் படுக்கை. கொலராடோ, யூட்டா பக்கம் பி.எல்.எம். என்கிற அரசு நிலங்களிலும் தேசியக் காடுகளிலும் நிறைய இடத்தில் காசு கொடுக்காமல் 14 நாள் வரை தங்கலாம். ஹோட்டல் புக்கிங் வேண்டாம், மழையில் கூடாரம் அடிக்க வேண்டாம். ஆசை வராமல் இருக்குமா?

வந்தது. பழைய கேம்பர் ஒன்றை வாங்கினேன். சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், ஹீட்டர், தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளேயே இருந்தது. விளம்பரத்தில் 795 பவுண்ட் என்று போட்டிருந்தார்கள். என் ட்ரக்கின் தாங்கும் எடை 1,105. கழித்தேன், 310 மிச்சம். கிலோவில் 140. "தாராளம்"னு சொல்லிட்டு வண்டியில் ஏத்தியாச்சு.

முதல் பயணத்திலேயே எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஹெட்லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டினாங்க. நான் டிம்மில்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கியிருந்தது. என் விளக்கு நேரா அவங்க கண்ணுக்குப் போயிருக்கு. ஸ்டீயரிங் வேறு லேசாக இருந்தது. அதை நான் சுகம் என்று நினைத்தேன். முன் சக்கரத்தில் எடை குறைந்துவிட்டது என்று புரியவில்லை.

மொனார்க் பாஸ் 11,312 அடி. அங்கிருந்து சலைடா பக்கம் இறங்கும்போது மனைவி கேட்டாள்: "என்னப்பா, ஏதோ கருகுற வாசனை வருது?" பிரேக்தான். மிதித்தால் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. கியரைக் குறைத்து, இஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து, கிடைத்த முதல் அகலமான ஓரத்தில் நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றினேன். பெரிய லாரிகளுக்கான மேடை, யார் வேண்டுமானாலும் காசு கட்டி எடை போடலாம். முன் அச்சு, பின் அச்சு ரெண்டுக்கும் தனித்தனியாக எண் வரும். மொத்தம் 6,120 பவுண்ட். என் ட்ரக்கின் உச்ச வரம்பு 5,600. அதாவது 520 பவுண்ட் அதிகம். வளர்ந்த ஆள் மூணு பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறோம்.

எங்கே தப்பு? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் காற்றழுத்தம் போட்டிருக்கிற அதே ஸ்டிக்கர். அதில் ஒரு வரி: ஆட்கள், சாமான் ரெண்டின் மொத்த எடை இவ்வளவைத் தாண்டக் கூடாது. ஆட்களும் அதில் அடக்கம்! இதை நான் படித்திருக்கிறேன், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. எங்க ரெண்டு பேர் எடை 295. அடுத்தது, அந்த 795 என்பது காலி எடை. கேம்பர் விற்பவர்கள் சொல்லும் 'ட்ரை வெயிட்' பெரும்பாலும் தண்ணீர், கேஸ் இல்லாதது. பின்னால் சேர்த்த ஃப்ரிட்ஜ், ஹீட்டர், வெயில் பந்தல் எல்லாம் அதில் வராது. என் விஷயத்தில் அந்தச் சேர்மானம் மட்டும் 180. தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்ட், 20 கேலன் டேங்க் நிரம்பினால் 167. சமையல் கேஸ் சிலிண்டர் நிரம்பியது 37. துணி, பாத்திரம், போர்வை, மளிகை ஒரு 150. கூட்டிப் பாருங்க: 829. மிச்சம் இருப்பதாக நான் நினைத்தது 310.

இன்னொரு விஷயம். அந்த ஸ்டிக்கர் எண் மாடலுக்கு மாடல் மட்டுமல்ல, வண்டிக்கு வண்டி மாறும். ஒரே வருஷம், ஒரே பெயர், ஆனால் சன்ரூஃபும் நாலு கதவும் நாலு சக்கர டிரைவும் சேர்ந்தால் தாங்கும் எடை குறைந்துகொண்டே வரும். அதனால இணையத்தில் பார்த்த எண்ணை நம்பாதீங்க, வாங்கப் போகிற வண்டியின் கதவைத் திறந்து பாருங்க. "மச்சான், ஏர்பேக் போட்டா சரியாயிடும்"னு என் நண்பன் சொன்னான். ஏர்பேக்கோ கூடுதல் பட்டையோ போட்டால் பின்பக்கம் நிமிரும், வண்டி ஆடாது. பிரேக்கும் அச்சும் டயரும் அதேதான். வரம்பு ஒரு பவுண்ட்கூட ஏறாது.

ஆக எனக்கு ரெண்டு வழி. பெரிய ட்ரக் வாங்குவது, அல்லது சின்ன கேம்பர். மொத்தச் செலவைப் பார்த்து ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் கேம்பரை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, காலி ஷெல் ஒன்று வாங்கினேன்: கூரை, துணிச் சுவர், மெத்தை, அவ்வளவுதான். 480 பவுண்ட். ஃபோர் வீல் கேம்பர்ஸின் ப்ராஜெக்ட் எம் மாதிரியானவை இந்த வகை. எல்லாம் பொருத்தி வருகிற மாடல் வேண்டுமென்றால் அரை டன், முக்கால் டன் ட்ரக் பக்கம் போங்க. நடுத்தர ட்ரக்கில் அந்த ஆசை வேண்டாம் என்பது என் கருத்து. தொட்டியின் நீளத்தையும் முதலிலேயே அளந்துடுங்க, 5 அடித் தொட்டிக்குச் செய்தது வேறு, 6 அடிக்குச் செய்தது வேறு. டகோமா மாதிரி பிளாஸ்டிக் கலவைத் தொட்டி என்றால், கேம்பரை இழுத்துக் கட்டும் இடத்தில் பலப்படுத்தாமல் நேரடியாகப் போல்ட் போடாதீங்க. கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் என் ஹெட்லைட் கதைதான்.

இப்போ கணக்கு: 1,105-இல் ஆள் 295, ஷெல் 480 போக மிச்சம் 330. உள்ளே வந்த ஒவ்வொரு பொருளையும் வீட்டுத் தராசில் வைத்த பிறகுதான் ஏற்றினேன். பேட்டரி 28, சோலார் பலகை 16, ஃப்ரிட்ஜ் 45, தண்ணீர் கேன் 50, அடுப்பும் குட்டி சிலிண்டரும் 15, டீசல் ஹீட்டர் 25, சமையல் சாமான் 45, துணிமணி 50. மொத்தம் 274. ஸ்ப்ரெட்ஷீட் போட்டிருக்கேன், சிரிக்காதீங்க.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட், 100 ஆம்பியர்-அவர், கிட்டத்தட்ட 1,280 வாட்-அவர். அதே அளவு லெட்-ஆசிட் என்றால் எடை ரெண்டு மடங்குக்கு மேல், அதிலும் பாதியளவுதான் பயமில்லாமல் எடுக்கலாம். என் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 400 வாட்-அவர் சாப்பிடுது; லேப்டாப், விசிறி, விளக்கு சேர்ந்து இன்னொரு 400. நல்ல வெயிலில் 100 வாட் பலகை கொடுப்பது ஃப்ரிட்ஜுக்குச் சரியாப் போயிடும். மீதியை ஓட்டும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து டிசி-டிசி சார்ஜர் ஏற்றுகிறது. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஒன்றரை மணி நேர ஓட்டம் போதும். ஒரே எச்சரிக்கை: இந்த பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. குளிர்காலத்துக்காக அதைப் படுக்கைப் பக்கமா உள்ளேயே வைத்திருக்கேன்.

அடுத்தது ஈரம். வாங்கும்போது இதை யாரும் சொல்ல மாட்டாங்க. துணிச் சுவருக்கு வெளியே மைனஸ் 5, உள்ளே ரெண்டு பேர். ஒரு ராத்திரிக்கு மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் வரை தண்ணீர் வெளியே வரும். அது சுவரில் போய் ஒட்டும், காலையில் முகத்தில் சொட்டும். இந்தக் குளிருக்கு உள்ளேயே திறந்து எரிகிற புரொப்பேன் ஹீட்டர் வைக்கலாம்னு தோணும். பள்ளிக்கூடக் கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? 100 கிராம் புரொப்பேன் எரிந்தால் 160 கிராமுக்கு மேல் தண்ணீர் வரும். சூடு வேண்டி ஏற்றி, ஈரத்தை இன்னும் கூட்டுகிறோம். ஈரமாவது பரவாயில்லை, மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே கதை முடிஞ்சிடும். டீசல் ஹீட்டர் வெளிக்காற்றை இழுத்து எரித்து, புகையையும் வெளியே தள்ளிவிடும். உள்ளே வருவது உலர்ந்த சூடு மட்டும். உயரமான இடத்தில் கரி பிடிக்கும், அதற்கான செட்டிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. எந்த ஹீட்டர் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், ஒரு ஜன்னல் ரெண்டு இஞ்ச் திறந்திருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் காற்றோட்டத்துக்கு ஒரு வலைப்பாய் போடுங்க. நாங்க போடலை, மூணாவது மாசம் அடிப்பக்கம் பூசணம்.

சமையலில் நம்ம ஆளுங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகவே வேகாது, பருப்பு கேட்கவே வேண்டாம். குக்கர் இல்லாமல் கிளம்பாதீங்க. ஆனால் அஞ்சு விசில் ஆவியும் கடுகு தாளித்த புகையும் அந்தத் துணியில் ஏறினால் அடுத்த ட்ரிப் வரைக்கும் இறங்காது. அதனால எங்க அடுப்பு எப்பவுமே வெளியே, டெயில்கேட் மேலே. கரடி இருக்கிற ஊரில் இது வெறும் வாசனைப் பிரச்சினையும் இல்லை. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும்தான் இடம், துணிச் சுவருக்கு அனுமதி கிடையாது. புக் பண்ணுவதற்கு முன் விதிகளைப் படிச்சிடுங்க.

கடைசியா கூரை. சோலார், சைக்கிள், பெட்டி என்று மேலே ஏற்றுகிற ஒவ்வொன்றையும் தினமும் சாயந்திரம் நீங்கதான் கையால் தூக்கணும். ராத்திரி பனி பெய்தால் அதையும் சேர்த்து. கேஸ் ஸ்ட்ரட் உதவும், ஓரளவுக்கு. வாங்கும் முன், வீட்டில் யாருக்கு உயரமும் பலமும் குறைவோ அவங்களைத் தனியாக ஒருமுறை தூக்கச் சொல்லிப் பாருங்க. என் மனைவி தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஷெல்லுக்குச் சரி சொன்னாள்.

இன்னும் 56 பவுண்ட் மிச்சம் இருக்கு. அவளுக்கு அதில் வெயில் பந்தல் வேணும், எனக்கு ரெண்டாவது பேட்டரி. ரெண்டும் சேர்ந்து இடிக்குது, பேச்சுவார்த்தை நடந்துகிட்டிருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.