ஜெபத்தில் யாரோடு பேசுகிறோம்?

முழு இரவு ஜெபத்துக்குப் போய்வந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் மைக்கில் சொன்னதில் ஆண்டவரைப் பார்த்துச் சொன்னது எவ்வளவு, பிசாசைப் பார்த்துச் சொன்னது எவ்வளவு? சட்டென்று பதில் வராது. “அப்பா, ஸ்தோத்திரம்” என்று ஆரம்பித்த ஜெபம் கொஞ்ச நேரத்தில் “இந்த ஊரை ஆளுகிற ஆவியே, உன்னைக் கட்டுகிறேன்” என்று திரும்பியிருக்கும். எந்த இடத்தில் திரும்பியது என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

டீ வரட்டும், நிதானமாகப் பேசுவோம். பிசாசு உண்டா இல்லையா என்பது இங்கே வழக்கில்லை. சுவிசேஷங்களை வாசிக்கிற எவரும் இயேசு பிசாசுகளைத் துரத்தினார் என்பதைத் தாண்டிப் போக முடியாது. நாம் பார்க்க வேண்டியது, “ஆவிக்குரிய யுத்தம்” என்ற பெயரில் செய்கிறவற்றுள் எது வேதத்தில் இருக்கிறது, எது பிறகு வந்து சேர்ந்தது என்பதுதான். “ஊழியக்காரரை இப்படியெல்லாம் கேள்வி கேட்கலாமா?” என்று தயங்குகிறவர்கள் அப்போஸ்தலர் 17-ஐத் திறந்து பார்க்கலாம். பெரேயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். லூக்கா அதற்காக அவர்களை மெச்சி எழுதுகிறார்.

“எல்லாவற்றுக்கும் வசனம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கும். வனாந்தரத்தில் இயேசுவிடம் வந்த சோதனைக்காரனிடமும் 91-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனம் இருந்தது. வசனம் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தச் சூழலில் பேசுகிறார்கள், அடுத்து என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

ஊர்களையும் தேசங்களையும் ஆளும் ஆவிகளைக் கட்டும் ஜெபத்துக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது தானியேல் பத்தாம் அதிகாரம். பெர்சியாவின் அதிபதி தூதனை இருபத்தொரு நாள் தடுத்து நிறுத்துகிறான், மிகாவேல் உதவிக்கு வருகிறான். மறைவில் ஏதோ போராட்டம் நடக்கிறது என்பதை அந்தப் பகுதி ஒளிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் தானியேல் என்ன செய்துகொண்டிருந்தார்? ருசியான சாப்பாடு, இறைச்சி, திராட்சரசம் எல்லாவற்றையும் விட்டு, துக்கத்தோடு தேவனுக்கு முன் தன்னைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். மேலே சண்டை நடப்பதே அவருக்குத் தெரியாது. தூதன் வந்து சொன்ன பிறகுதான் தெரிகிறது. தெரிந்த பிறகும் பெர்சியாவின் அதிபதியைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கட்டவும் இல்லை. அந்த அதிபதியின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. இன்று பல சபைகளில் ஜனவரியில் நடக்கும் 21 நாள் உபவாசம் இங்கிருந்து எடுத்ததுதான். அதில் தானியேலின் சாப்பாட்டுப் பட்டியல் தங்கியிருக்கிறது, அவருடைய மௌனம் தங்கவில்லை.

யோபுவும் அப்படித்தான். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்துத் திரை நமக்காக விலகுகிறது, யோபுவுக்காக விலகவே இல்லை. சாத்தானைப் பற்றிய பேச்சு அவர் வாயில் கடைசி வரைக்கும் வரவில்லை. அழுகிறார், வாதாடுகிறார், சலித்துக்கொள்கிறார். நண்பர்களுக்குப் பதில் சொன்னாலும் முறையீடு தேவனைப் பார்த்துத்தான்.

அப்படியானால் பட்டணத்து ஆவியின் பெயரைக் கண்டுபிடித்து, வரைபடம் போட்டு, அதைக் கட்டும் முறை எங்கிருந்து வந்தது? நாம் நினைப்பதைவிட இது புதுசு. அமெரிக்காவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சி. பீட்டர் வாக்னரும் அவரோடு இருந்தவர்களும் 1980களின் கடைசியிலும் 1990களிலும் இதை ஒரு முறையாக வளர்த்து உலகமெங்கும் பரப்பினார்கள். ஜார்ஜ் ஓட்டிஸ் ஜூனியர் என்பவர் ‘ஆவிக்குரிய வரைபடம்’ என்று அதற்குப் பெயர் கொடுத்தார். பிராங்க் பெரெட்டி 1986-இல் எழுதிய ‘திஸ் பிரசன்ட் டார்க்னஸ்’ ஒரு சிற்றூரின் மேல் தூதர்களும் பிசாசுகளும் மோதுவதைச் சொல்லும் நாவல். அது நாவல் என்பதைப் பல வாசகர்கள் சீக்கிரமே மறந்துவிட்டார்கள். 1997-இல் ஒரு ஜெபக்குழு இப்படி ஆவியைக் கட்டும் நோக்கத்தோடு எவரெஸ்ட் பகுதி வரைக்கும் போனது. வட அட்சரேகை 10 முதல் 40 பாகை வரையுள்ள பகுதியைக் குறிக்கும் ‘10/40 ஜன்னல்’ என்ற பேச்சும் அந்தக் காலத்தில்தான் நம் மிஷனரிக் கூட்டங்களுக்கு வந்தது. அட்சரேகையைக் கறாராகப் பார்த்தால் மதுரையும் திருநெல்வேலியும் அந்த ஜன்னலுக்குத் தெற்கே, வெளியில்தான் விழும். அங்கேயும் அதே உருக்கத்தோடுதான் ஜெபித்தார்கள்.

எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களின் லோசான் இயக்கத்தில் ஜெபத்துக்கென்றே இருந்த குழு 1993-இல் லண்டனில் கூடி எச்சரித்தது. ஆவிகளையே பேசிக்கொண்டிருந்தால் நம் தப்புக்கு நாம் பொறுப்பேற்க மாட்டோம், சாத்தான் பெரியவனாகவும் கிறிஸ்து சிறியவராகவும் தெரிய ஆரம்பிப்பார் என்பது அதன் சாரம்.

இந்த முறையை உரசிப் பார்க்க எபேசு ஒன்றே போதும் என்பேன். நம் வேதாகமம் தியானாள் என்று சொல்லும் அர்த்தமிஸின் கோவில் இருந்த ஊர் அது; அந்தக் கோவில் உலக அதிசயம் ஏழில் ஒன்று. மந்திரவாதம் செழித்த ஊரும்கூட. ஆளும் ஆவியைக் கட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? பவுல் அங்கே என்ன செய்தார்? திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினமும் உட்கார்ந்து பேசினார். மந்திரம் செய்துவந்தவர்கள் தாங்களாகவே தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள்; மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. தட்டான் தெமேத்திரியு வியாபாரம் போச்சே என்று கலகம் மூட்டியபோது, பட்டணத்துச் சம்பிரதி எழுந்து கூட்டத்தை அடக்குகிறான். கூட்டம் பிடித்துவந்த பவுலின் தோழர்களைக் காட்டி, இவர்கள் கோவிலைக் கொள்ளையிடவும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று அவனே சாட்சி சொல்கிறான். அத்தனை நாள் அந்த ஊரில் இருந்த பவுலின் தோழர்களைப் பற்றி ஓர் அரசு அதிகாரி கொடுத்த நற்சான்று அது. நம் ஊர் ஜெப நடை முடிந்த மறுநாள் தாசில்தார் இப்படிச் சொல்வாரா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது வரும் அதே அப்போஸ்தலர் 19-இல் ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகளும் வருகிறார்கள். இயேசுவின் பெயரை மந்திரம்போல் பிரயோகித்துப் பார்த்து, அடிபட்டு, துணியில்லாமல் ஓடுகிறார்கள்.

இயேசுவும் அப்போஸ்தலர்களும் பிசாசோடு பேசியதே இல்லையா? பேசினார்கள். ஆனால் வனாந்தரச் சோதனையை விட்டால், எதிரே துன்பப்படும் ஒரு ஆள் நிற்பார். பேச்சு ஒன்றிரண்டு வாக்கியத்தில் முடியும். மாற்கு ஒன்பதில் தகப்பனிடம், பையனுக்கு இது எத்தனை காலமாய் இருக்கிறது என்று இயேசு விசாரிக்கிறார்; தகப்பனோடு பேசிய அளவுக்கு அந்த ஆவியோடு பேசவில்லை. பிரதான தூதனான மிகாவேலே பிசாசை நேரே தூஷிக்கத் துணியாமல் கர்த்தரிடம் விட்டுவிட்டான் என்கிறது யூதாவின் நிருபம்.

“கட்டுகிறேன், அவிழ்க்கிறேன்” என்பதற்கு மத்தேயு 18:18-ஐக் காட்டுகிறார்கள். அதற்கு மேலே மூன்று வசனம் வாசித்தால் குற்றம் செய்த சகோதரனைத் தனியே கண்டு பேசுவது, பிறகு சாட்சிகளோடு போவது, பிறகு சபைக்குச் சொல்வது என்று போகும். பேச்சு சபைக்குள் இருக்கும் ஆளைப் பற்றியது. பலவானைக் கட்டும் உவமை மத்தேயு 12-இல் இருக்கிறது, உண்மைதான். அங்கே கட்டுகிறவர் இயேசு.

ஊரைச் சுற்றி நடக்கும் எரிகோ ஜெபத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழாம் நாள் ஆர்ப்பரிக்கச் சொல்லும்வரை வாயிலிருந்து ஒரு பேச்சும் வரக்கூடாது என்று யோசுவா ஜனங்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். எக்காளம் ஊதியது ஆசாரியர்கள் மட்டும். ஸ்பீக்கர் கட்டிச் சுற்றுகிறவர்கள் அந்தப் பத்தாம் வசனத்தை எப்படிக் கடந்துபோனார்கள் என்று தெரியவில்லை. எண்ணெய் பூசுவதற்கு யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் இருக்கிறது. அங்கே மூப்பர்கள் வியாதிக்காரனுக்குப் பூசுகிறார்கள், கேட்டுக்கும் வண்டிக்கும் இல்லை. வண்டிகளில் ஒட்டியிருக்கும் ‘இயேசுவின் இரத்தம் ஜெயம்’ வெளிப்படுத்தல் 12:11-இன் எதிரொலி. அந்த வசனத்தில் இரத்தத்தோடு சாட்சியும், உயிரையே பெரிதாக எண்ணாமல் மரிக்கத் துணிந்ததும் சேர்ந்திருக்கின்றன. ஸ்டிக்கரில் முதல் பங்குக்குத்தான் இடம் இருந்தது.

இதெல்லாம் வாசிப்புத் தகராறு என்று விட்டுவிடலாம், பரம்பரைச் சாபம் என்ற ஒன்று இல்லாவிட்டால். அங்கே மனிதர்கள் காயப்படுகிறார்கள். மனச்சோர்வில் இருக்கும் பெண்ணிடம், குழந்தையில்லாத தம்பதியிடம், உங்கள் தாத்தா கும்பிட்ட ஆவி உங்களைப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறார்கள். யாத்திராகமம் இருபதை ஆதாரம் காட்டுகிறார்கள். எசேக்கியேல் 18 முழு அதிகாரமும் இதற்கென்றே இருக்கிறது: தகப்பன் குற்றத்தை மகன் சுமப்பதில்லை. பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்களும் இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. மருந்தை நிறுத்தச் சொல்லும் ஜெபவீட்டைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

“இதையெல்லாம் எடுத்துவிட்டால் ஜெபத்தில் என்ன அண்ணாச்சி மிச்சம்?” என்று வாலிபர் கூட்டம் நடத்தும் ஒரு தம்பி கேட்டார். எபேசியர் ஆறாம் அதிகாரத்தையே திறந்தோம். சர்வாயுதவர்க்கத்தைச் சொல்லி முடித்ததும் பவுல் தமக்காக ஒரு ஜெபக்குறிப்பு தருகிறார். அப்போது அவர் விலங்கோடு இருக்கிறார். பேரரசின் மேல் நிற்கும் ஆவியைக் கட்டுங்கள் என்றோ, விலங்கு அறுந்து விழ ஜெபியுங்கள் என்றோ எழுதவில்லை. தைரியமாய் வாய் திறந்து பேச வார்த்தை வேண்டும் என்கிறார். முதலாம் தீமோத்தேயு இரண்டில் ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார்.

தம்பி தன் நோட்டில், அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பில் ‘நம் பகுதியைக் கட்டிவைத்திருக்கும் குடி ஆவி’ என்றிருந்ததை அடித்துவிட்டு, குடிக்கிற இரண்டு பேரின் பெயரையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரையும் எழுதினார். கீழே, டாஸ்மாக் கடையை மாற்றக் கேட்டுக் கொடுத்த மனு கலெக்டர் ஆபீஸில் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.