வாங்கிய கைகள் கொடுக்கவும் பழகட்டும்

"பிள்ளையைப் படிக்கத்தான் அனுப்பினனாங்கள் சுவாமி, மலசலகூடம் கழுவ இல்லை."

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில், பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து இப்படிச் சொன்னார். அவரது கோபத்தில் நியாயம் இருந்தது. பிந்தி வரும் பிள்ளைகளுக்குத் தண்டனையாகவே அங்கு அந்த வேலை கொடுக்கப்பட்டது. பிந்தி வந்தவர்களோ, விடியற்காலையில் பொதுக்கிணற்றடியில் தண்ணீருக்கு வரிசையில் நின்றுவிட்டு ஓடி வந்தவர்கள்.

தண்டனையாகச் செய்யும் வேலை சேவையாகாது. உழைப்பு இழிவானது என்பதையே பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்காகப் பிள்ளையை எந்த வேலையும் செய்ய விடாமல் வைத்திருப்பதும் சரியாகுமா?

சற்றுச் சிந்திப்போம். தகப்பனோடு வயலுக்குப் போய், தாயோடு களை பிடுங்கி வளர வேண்டிய நம் பிள்ளைகளில் பலர் நிவாரண வரிசையில் நின்று வளர்ந்தார்கள். வாங்குவதே பழக்கமாயிற்று. 'என்னாலும் பிறருக்கு உதவ முடியும்' என்ற நம்பிக்கையை அவர்களுக்கு மீட்டுக் கொடுப்பது நமது கடமை. அதற்குப் பாடசாலை நல்ல இடம்.

1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தமது மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் அம்மக்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் இதிலிருந்தே வளர்ந்தது. எவ்வளவு வேலை முடிந்தது என்பதைவிட, யார் யாரோடு சேர்ந்து நின்று வேலை செய்தார்கள் என்பதே அங்கு முக்கியமானது.

நாம் குறிப்பிட்ட பாடசாலையிலும் அதிபரும் பெற்றோரும் கூடிப் பேசி, சில ஒழுங்குகளைச் செய்தார்கள்.

முதலாவது, தண்டனை வேலை நிறுத்தப்பட்டது. ஆண், பெண், சாதி, ஊர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் முறை வைத்துச் செய்வதென்று முடிவாயிற்று. ஆசிரியர்களும் தும்புத்தடியைக் கையிலெடுத்தார்கள்.

இரண்டாவது, உண்மையான தேவைக்கே வேலை. டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் செல்லும். எனவே கிழமைக்கு ஒருமுறை சிரட்டை, தகரப்பேணி, பழைய ரயர் ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கொட்டி, அவற்றை அப்புறப்படுத்தினால் அதன் பெருக்கத்தைத் தடுக்கலாம். காரணம் தெரிந்தபின் பிள்ளைகள் தாங்களாகவே தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது, கைகழுவும் தண்ணீர் ஓடும் பக்கமாகக் கீரை, கத்தரி, பயிற்றைப் பாத்திகள் போடப்பட்டன. பாத்தி கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் காணியை இழந்து வந்த தகப்பன்மாரே. பல வருடங்களுக்குப் பின் அவர்களிடம் ஒருவர் விவசாயம் பற்றிக் கேட்டது அன்றுதான்.

நான்காவது, மேல்வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் சிறியவர்களுக்கு வாசிக்கப் பழக்கினார்கள்.

எல்லைகளும் வேண்டும். பாட நேரத்தைப் பறிக்கக் கூடாது. பூச்சிமருந்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது. கட்டில்லாத கிணற்றை அவர்கள் துப்புரவாக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத பற்றைக் காணிக்குள் எக்காரணம் கொண்டும் அனுப்பக் கூடாது. மலசலகூடம் கழுவுவோருக்குச் சவர்க்காரமும் நீண்ட பிடியுள்ள தூரிகையும் கொடுக்கப்பட வேண்டும்.

அடுத்த தவணைக் கூட்டத்துக்கு அந்தத் தாய் நேரத்தோடு வந்திருந்தார். மாமரத்தின் கீழ் அவரது மகன் ஒரு சின்னப்பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் காட்டிக்கொண்டிருந்தான். அவர் கூப்பிடவில்லை; தள்ளி நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அன்பான பெற்றோரே, பிள்ளை வீடு திரும்பியதும் "இண்டைக்கு என்ன படிச்சனி?" என்று கேட்கிறோம். "இண்டைக்கு ஆருக்கு உதவி செய்தனி?" என்றும் கேட்போம்.