பொலிஸ் நிலையத்தில் ஆள் குறைவு: தற்காலிக ஏற்பாடு எதை நிரப்புகிறது, எதை விடுகிறது?

பொலிஸ் திணைக்களத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமான வெற்றிடங்கள் உள்ளதாக அரசாங்கமே 2025இல் ஒப்புக்கொண்டது. முப்படையில் கடமையாற்றியவர்களை ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. திருகோணமலை மாவட்ட மக்களுக்கு, குறிப்பாகக் கிண்ணியா, மூதூர், புல்மோட்டை பகுதிகளில் வாழும் எமக்கு, இதன் பொருள் என்ன?

ஆள் குறையும்போது முதலில் நடப்பது லீவு ரத்து. அடுத்தது, வேறு நிலையங்களிலிருந்து உத்தியோகத்தர்களைத் தற்காலிகமாக இணைப்பது. தேர்தல், கோயில் திருவிழா, பிரமுகர் வருகை என்றால் இங்கிருந்தும் ஆட்கள் போவார்கள். அந்த நாட்களில் முறைப்பாட்டுக்குப் போனவருக்குக் கிடைக்கும் பதில், "நாளைக்கு வாங்க" என்பதுதான்.

அதற்கும் மேலே இராணுவம். 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நிலைமையைச் சமாளிக்கப் பொலிஸ் போதாது என்று ஜனாதிபதி கருதினால் ஆயுதப்படையை அழைக்க இடமளிக்கிறது. அந்தக் கட்டளை ஒரு மாதத்துக்கே செல்லும். ஆனால் 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னர், ஆட்சிகள் மாறியும் அது மாதாமாதம் வர்த்தமானியில் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

ஊர்காவல் படையின் கதையும் இதுவே. யுத்த காலத்தில் எல்லைக் கிராமங்களைக் காக்கப் பொலிஸார் போதவில்லை. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்தது. எமது ஊர்களிலிருந்தும் பலர் துப்பாக்கி ஏந்தினர், பலர் உயிரிழந்தனர். அயல் தமிழ்க் கிராமங்களுக்கு அந்தப் படையால் ஏற்பட்ட கசப்பும் மறுக்க முடியாதது. 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமானது. அவசரத்துக்குச் செய்தது, யுத்தம் முடிந்த பின்னும் நிலைத்துவிட்டது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் தலைகளின் எண்ணிக்கையை நிரப்புகின்றன. மொழியை நிரப்புவதில்லை. மாவட்ட சனத்தொகையில் முஸ்லிம்களும் தமிழர்களும் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் பங்கினர். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் தமிழே நிர்வாக மொழி. ஆயினும் தென்பகுதியிலிருந்து இணைக்கப்படும் உத்தியோகத்தரால், கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணின் வார்த்தையைத் தமிழில் எழுத முடியாது. கடமையில் பெண் உத்தியோகத்தரும் இல்லாவிட்டால், அவள் பாதியைச் சொல்லாமலே திரும்புவாள்.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 109ஆம் பிரிவு, இதில் தெளிவாக இருக்கிறது. வாய்மொழி முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. உத்தியோகத்தரால் அம்மொழியில் எழுத இயலாவிட்டால், முறைப்பாட்டாளரையே தன் மொழியில் எழுதித் தருமாறு அவர் கேட்க வேண்டும். அதுவும் முடியாது என்றால்தான் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதலாம். அப்போதும் முறைப்பாட்டாளருக்கு விளங்கும் மொழியில் அதை விளக்கிச் சொல்வது கட்டாயம்.

ஆள் இல்லாத நேரத்துக்கென வைத்த விதிவிலக்கு, பல இடங்களில் நாளாந்த வழக்கமாகிவிட்டது. விளங்காத சிங்களத்தில் எழுதியதற்குக் கையெழுத்து வைத்துவிட்டு, நீதிமன்றத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று நிற்பவர்களை நாம் காண்கிறோம். வழக்கு அங்கேயே பலவீனமடைகிறது.

எனவே கோரிக்கையைச் சரியாக வைக்க வேண்டும். "இன்னும் பொலிஸ் தாருங்கள்" என்று மட்டும் கேட்டால் சீருடைகள் கூடும், குறை தீராது. தற்காலிக இணைப்பிலும்கூட, ஒவ்வொரு நிலையத்திலும் எந்நேரமும் தமிழில் எழுதக்கூடிய ஒருவரும், பெண் உத்தியோகத்தர் ஒருவரும் கடமையில் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கையாக இருக்கட்டும். இடமாற்ற அதிகாரம் கொண்ட தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு அதை எழுத்தில் அனுப்பலாம்.

எம் பங்கும் உண்டு. எமது பிள்ளைகள் பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிப்பது குறைவு. வர்த்தமானி அறிவித்தல் வரும்போது பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் அதை இளைஞர், யுவதிகளுக்குச் சொல்ல வேண்டும். அதுவரை, பொலிஸ் நிலையம் செல்பவர் ஒரு தாளும் பேனையும் கொண்டு போகட்டும். தன் முறைப்பாட்டைத் தானே தமிழில் எழுதிக் கொடுக்கச் சட்டம் அவருக்கு இடம் தந்திருக்கிறது.