மஞ்சள் விளக்கை அலட்சியம் செய்யலாமா?

கொல்கத்தாவில் கார் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் என்றால், இன்ஜினுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் முன்பெல்லாம் கவலை. இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 23-ஆம் தேதி விடியலில் நகரமே மிதந்ததே, அதுபோன்ற வெள்ளம் வடிந்து சில நாள் கழித்து வண்டியை எடுத்தால், மீட்டர் பலகையில் ‘ஏ.பி.எஸ்.’ என்ற மஞ்சள் விளக்கு அணையாமல் எரிவதுண்டு. வண்டி ஓடுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. விளக்கைப் பற்றிக் கேட்டால், “கிச்சு ஹொபே நா” என்று மிஸ்திரி கையை உதறிவிடுவார். ஒன்றும் ஆகாதாம்!

உத்தரபாராவில் உருவான அம்பாசடருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், அவ்வளவுதான். தெருமுனை மிஸ்திரிக்கு அதன் ஒவ்வொரு பாகமும் அத்துப்படி. அங்கே 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. 1978-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் பென்ஸ் காருக்கு அளித்த ஏ.பி.எஸ்., நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாயிற்று. அதற்கு முன்பே விலை கூடிய மாடல்களில் வந்துவிட்டது. அப்படி வாங்கிய கார்களுக்குத்தான் இன்று பத்து, பதினைந்து வயதாகிறது.

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வளையம் சுற்றுகிறது. அதன் அருகே உள்ள சென்சார் வேகத்தை அளக்கிறது. பிரேக் மிதிக்கும்போது ஏதாவதொரு சக்கரம் சுழலாமல் இறுகப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் ஆயில் அழுத்தம் நொடிக்குப் பல முறை விட்டு விட்டுத் தரப்படுகிறது. பெடல் காலடியில் அதிர்வது அதனால்தான். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. சக்கரம் இறுகாதவரை ஸ்டியரிங் திருப்பிய பக்கம் வண்டி போகும்; முக்கிய லாபம் இதுவே. மணலிலும் ஜல்லியிலும் வண்டி நிற்கும் தூரம் கூடிவிடுவதும் உண்டு.

மஞ்சள் விளக்கு எரிந்தால் இந்தக் காவல் இல்லை என்று பொருள். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் டிராம் தண்டவாளம் பதித்த சாலைகள் இவ்வூரில் இன்னும் உண்டு. நனைந்த தண்டவாளத்தின்மேல் சக்கரம் ஏறியிருக்கும் வேளையில், குறுக்கே ஒருவர் ஓடிவந்தால் என்ன ஆகும்? அம்பாசடர் ஓட்டிய பெரியவர்கள் விட்டு விட்டு மிதிக்கப் பழகியிருந்தார்கள். ஏ.பி.எஸ். காரிலேயே ஓட்டக் கற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வந்திருக்காது. மஞ்சளோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தாலோ, வண்டியை எடுக்கவே கூடாது.

விளக்கு எரிந்ததும் பம்ப் போயிற்று, பெருந்தொகை ஆகும் என்று கலங்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் சக்கரத்தருகே, சென்சாரிலோ அதன் வயரிலோதான் இருக்கும். தேங்கிய நீரும் ஈரக்காற்றும் துருவை வளர்க்கின்றன. துரு சென்சாரை வளையத்திலிருந்து தள்ளிவிடுகிறது. சில சமயம் வளையமே வெடிக்கிறது. காய்ந்த சாலையில் மெதுவாக வந்து நிற்கப் போகும் தறுவாயில் பெடல் காரணமின்றி அதிர்ந்தால், இந்தத் துருவைச் சந்தேகிக்கலாம். விளக்கு எரியும் முன்பே கிடைக்கும் முன்னறிவிப்பு இது. ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் எந்தச் சக்கரம் என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். துருவைச் சுரண்டி எடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு.

பம்ப்தான் பழுது என்று உறுதியானால் பலருக்கு மல்லிக் பஜார் நினைவு வரும். பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலன்றி அங்கே பழைய பம்ப் வாங்குவது பணத்துக்குக் கேடு. பம்ப் உள்ளுக்குள் கெடுவதற்கும் காரணம் ஈரமே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளிருக்கும் வால்வுகளை அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றும் செலவு, பம்ப் விலைக்கு முன் தூசு.

விளக்கின் பல்பையே கழற்றிவிட்டு வண்டியை விற்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எரியவே இல்லை என்றால் விலை பேசாமல் வந்துவிடலாம்.