அலமாரியில் உறங்கும் மடிக்கணினிகள்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கப்பட்டது. வேளாண்மையை நம்பி வாழும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கணினியைக் கொண்டு சேர்த்தது அத்திட்டமே. அன்று பிளஸ் 2 படித்தவர்கள் இன்று முப்பது வயதைத் தொட்டுவிட்டனர். அவர்கள் பெற்ற கணினிகளோ, 'ஓடவில்லை' என்கிற ஒற்றைச் சொல்லுடன் அலமாரியில் உறங்குகின்றன. அல்லது பழைய இரும்புக் கடைக்குச் செல்கின்றன.

ஓடாத கணினிகள் அனைத்தும் பழுதானவை அல்ல. பெரும்பாலும் முதலில் தேய்ந்து போவது, சுழலும் தகடுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க். திரையும் விசைப்பலகையும் செயலியும் நலமாகவே இருக்கக்கூடும். அத்தகைய கணினிக்கு, கைப்பேசியில் பயன்படும் சிறிய மெமரி கார்டு மறுவாழ்வு தரும்.

மின்விசையை அழுத்தியதும் விழித்தெழுவது 'பயாஸ்' எனும் அடிப்படை மென்பொருள். அது, இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று ஒரு வரிசைப்படி தேடுகிறது. அந்த வரிசையில் யுஎஸ்பி-யை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே கணினி இயங்கத் தொடங்கும். எஃப்2, எஃப்12, எஸ்கேப் ஆகியவற்றுள் ஒரு விசை இதற்கான பட்டியலைத் திறக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் செருகிய கார்டை, பழைய பயாஸ் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. அத்துளையை இயக்கும் மென்பொருள், இயங்குதளம் எழுந்த பிறகே வேலை செய்கிறது. அதே கார்டை, மலிவான யுஎஸ்பி ரீடரில் பொருத்திச் செருகினால் தடை நீங்கிவிடும்.

எந்த இயங்குதளம்? விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. 2 ஜிபி நினைவகம் கொண்ட கணினிக்கு ஏற்றவை, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான திரைச்சூழல் கொண்ட லினக்ஸ் வகைகளே. லினக்ஸ் நமக்குப் புதிதும் அன்று. அத்திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளிலேயே விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. செயலி 64 பிட் வகையா என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். 2025-இல் வெளியான டெபியன் 13 கூட 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது.

தரவிறக்கிய கோப்பைக் கார்டில் நகலெடுத்தால் மட்டும் போதாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் அதை எழுத வேண்டும். அப்போது கார்டில் இருந்தவை முழுவதும் அழிந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

இதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். மெமரி கார்டு மெதுவானது; ஓயாமல் எழுதினால் விரைவில் தேயும். பேட்டரி செயலிழந்த கணினியில் திடீரென மின்சாரம் நின்றால், கார்டில் உள்ள கோப்புகள் சிதையலாம். எனவே, முக்கிய ஆவணங்களுக்கு வேறொரு நகல் கட்டாயம். நிலையான தீர்வு எஸ்எஸ்டி பொருத்துவதே. அதற்குப் பணம் சேரும் வரை கார்டு கைகொடுக்கும். ஹார்ட் டிஸ்க் முற்றிலும் செயலிழக்காதிருந்தால், அதிலுள்ள சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் இவ்வழியே மீட்கவும் முடியும்.

அண்ணன் படித்த கணினியில் தங்கை தட்டச்சும் நிரலாக்கமும் பழகலாம்; கைப்பேசியின் சிறு திரை அதற்கு ஈடாகாது. இரு மாவட்டங்களின் கல்லூரிக் கணினித் துறைகளும் நூலகங்களும் விடுமுறை நாளொன்றில் இதற்கென முகாம் நடத்தினால், மாணவர்களுக்கு அது செயல்முறைப் பாடமாகவும் அமையும். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவியை மின்கழிவாக்கும் முன், ஒரு கார்டின் விலையில் இம்முயற்சியைச் செய்து பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.