ஐந்தில் தடுமாறும் கண்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை என்றால் அந்தோனியார் திருத்தலம்தான் பலருக்கும் நினைவு வரும். அங்கிருந்து கலேவெல, தம்புள்ளை என்று வடக்கே போகப் போக, உலர்வலயத்தின் வயல்களும் குளங்களும் வந்துவிடும். தை மாதக் காலையில் அப்படியொரு குளக்கட்டில் ஏறி நில்லுங்கள். தாமரை இலைகளுக்கிடையே சீழ்க்கைச் சிறகிகள் மிதக்கும். பட்ட மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்திருக்கும். அலைகரை நெடுகக் கொக்குகள். மொத்தம் எத்தனை? நீங்கள் இருநூறு என்பீர்கள், பக்கத்தில் நிற்பவர் ஐந்நூறு என்பார்.

நம் கண்ணின் எல்லை அவ்வளவுதான். 1871இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளை வீசி, விழுந்த கணத்திலேயே எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். ஆயிரம் முறைக்கு மேல் வீசினார். நான்கு வரை பிழையே வரவில்லை. ஐந்தில் தடுமாற்றம் தொடங்கியது. விதைகளாவது விழுந்த இடத்தில் கிடக்கும். பறவை முக்குளிக்கும், எழும்பும், இன்னொன்றின் பின்னால் மறையும்.

அதனால்தான் கணக்கெடுப்பவர்கள் வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே திசையில் பார்த்துப் போகிறார்கள். கூட்டம் சிறியதென்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். பெரியதென்றால் முதலில் இருபது பறவைகளைச் சரியாக எண்ணி, அந்த இருபது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவை மரக்கால்போலக் கூட்டம் முழுவதும் வைத்து அளந்துகொண்டே போகலாம். பல இனங்கள் கலந்திருந்தால் மொத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, நூறில் எத்தனை எந்த இனம் என்று பிரிப்பார்கள். ஒருவர் எண்ண, மற்றவர் எழுதுவது நல்லது. குறிப்பேட்டைக் குனிந்து பார்த்த நொடியில் கணக்கு கலைந்துவிடும். பகலில் வயல்வயலாகச் சிதறிக்கிடக்கும் கொக்குகளுக்கு அந்திப்பொழுதுதான் உகந்தது. அவை அடையும் மரத்தடியில் முன்கூட்டியே போய் நின்று, வருகிற வரிசைகளை எண்ண வேண்டும்.

ஆளில்லா விமானம் இதை மாற்றிவருகிறது. அவுஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் கடற்கரையில் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வாத்துகளைப் பரப்பிவைத்து, தரையிலிருந்து எண்ணியவர்களையும் வானிலிருந்து எடுத்த படங்களையும் ஒப்பிட்டார்கள். படக்கணக்கு 43 முதல் 96 விழுக்காடு வரை கூடுதல் துல்லியமாக இருந்ததென்று 2018இல் அறிவித்தார்கள். ஆனால் அது வெட்ட வெளி. நம் குளத்தில் நாணலுக்குள் ஒளியும் நீலத் தாழைக்கோழியை மேலிருந்து எப்படிக் காண்பது?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. 1943இல் தோன்றிய சிலோன் பேர்ட் கிளப் இலங்கையில் அதை ஒருங்கிணைக்கிறது. ஓரிடத்தில் 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்கினாலோ, ஓர் இனத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே இருந்தாலோ பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேரும் தகுதி அதற்கு உண்டு. மன்னாரின் வங்காலை போன்ற இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊர்க்குளம் எதுவும் தனியாக அந்த எண்ணிக்கையை எட்டப்போவதில்லை. ஆனால் இலங்கையில் இப்படிச் சின்னக் குளங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வடகீழ்ப் பருவமழையில் அவை நிரம்பியதும் பறவைகள் பெரிய நீர்நிலைகளை விட்டு அவற்றுக்குப் பரவிவிடும். பெரிய குளத்தில் தொகை குறைந்ததென்றால் பறவை அழிந்தது என்றும் கொள்ளலாம், பக்கத்து ஊர்க்குளத்துக்குப் போனது என்றும் கொள்ளலாம். எது உண்மை என்பதை அந்த ஊர்க்குளத்தின் கணக்குதான் சொல்லும். அதனால் பறவைத்தொகையோடு அன்றைய நீர்மட்டத்தையும் எழுதிவைக்காத கணக்கு அரைக்கணக்கு என்பேன்.

மாத்தளைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க்குளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஜனவரியும் கட்டின் அதே இடத்தில், அதே காலை நேரத்தில் நின்று எண்ணுங்கள். ஒரு பறவையும் இல்லாத ஆண்டில் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். பூச்சியம் என்று எழுதித் திகதியிடுங்கள்.