கடல் கடந்தாலும் அழியாத பெயர்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் நம் பங்குகளில் ஒவ்வொரு குடும்பமும் இறந்தோரின் பெயர்ப்பட்டியலை எழுதிக் கொடுத்துத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டுப் பட்டியலில் கொள்ளுத்தாத்தா முதல் அண்மையில் இறந்த சித்தி வரை எல்லார் பெயரும் இருக்கும். ஒரே ஒருவர் பெயர் மட்டும் இருக்காது. அவர் என் தாத்தாவின் அண்ணன். 1935-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவர்.

முதலில் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் எழுதவில்லை. பிறகு, "பெற்ற தாயை மறந்தவன்" என்ற மனக்கசப்பில் எழுதவில்லை. அதன் பிறகு எழுத வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. அவருடைய தாய் 1952-இல் இறக்கும்போதும் தபால்காரர் வந்தாரா என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

அன்பார்ந்த இறைமக்களே, இது எங்கள் குடும்பத்துக் கதை மட்டுமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலாயா ரப்பர் தோட்டம், பர்மா, மொரீசியஸ், பிஜி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று போய்த் திரும்பாதவர் நம் பங்குகளில் பல குடும்பங்களில் உண்டு. அவர்களைத் தேடிக் காண முடியுமா? முடியும் என்பதே என் அனுபவம். அந்தத் தேடலில் நமக்குக் கைகொடுப்பது, நம் பங்குக் கோவிலின் அலமாரியில் இருக்கும் பழைய பதிவேடு.

திருச்சபை ஏன் பெயர்களை எழுதி வைக்கிறது?

1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குத்தந்தையும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும், திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயரை எழுத வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 1614-இல் திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கும் பங்கு மக்களின் நிலைக்கும் என ஐந்து பதிவேடுகளுக்கு வழிவகுத்தது.

ஆனால் கடல் கடந்து போனவர்களைத் தேடும் நமக்கு மிக முக்கியமானது 1907-இல் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் காலத்தில் வந்த திருமணச் சட்டம். அது 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவர் உலகின் எந்த மூலையில் திருமணம் செய்தாலும், அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட வேண்டும். அங்கே அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் அது குறிக்கப்பட வேண்டும். இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் (எண்கள் 535, 1122) இந்த விதி உள்ளது.

ஏற்கெனவே மணமானவர் வேறு ஊரில் போய் மறுமணம் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் இதனால் நமக்கு இன்னொரு பெரும் நன்மை விளைந்திருக்கிறது. ஒருவர் ஊரை விட்டுப் போன பிறகும் அவருடைய வாழ்க்கையின் ஒரு செய்தி அவர் பிறந்த ஊருக்கே திரும்பி வருகிறது. வீட்டுக்கு வராத கடிதம் கோவிலுக்கு வந்திருக்கும்.

பதிவேட்டின் ஓரத்தில் இரண்டு வரி

எங்கள் பங்குத்தந்தையின் அனுமதியோடு அந்தப் பழைய பதிவேட்டைப் பார்த்தேன். 1913-ஆம் ஆண்டுப் பக்கத்தில் பெரிய தாத்தாவின் திருமுழுக்கு லத்தீனில் எழுதப்பட்டிருந்தது. தாய், தந்தை, ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள் இருந்தன. ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில் இரண்டு வரி. 1938-இல் பினாங்கில் திருமணம் நடந்தது என்றும், மணமகளின் பெயர் இன்னது என்றும் அதில் இருந்தது.

கோவிலில் இருந்த நாற்காலியில் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இரண்டு வரி அங்கேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் நாங்கள் பூசைக்குப் போய் வந்திருக்கிறோம்.

தேடத் தொடங்குவோர் செய்ய வேண்டியவை

முதலில் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், ஊரிலிருந்து யாரோடு போனார், கங்காணி யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரஜூலா கப்பலில் போனார் என்று யாராவது சொன்னால் அது 1926-க்குப் பிறகுதான் இருக்க வேண்டும்; அந்தக் கப்பல் கட்டப்பட்டதே அந்த ஆண்டில்தான். பழைய மணியார்டர் ரசீது, கடித உறை, நிழற்படத்தின் பின்னால் உள்ள ஸ்டுடியோ முத்திரை, ஜெபப்புத்தகத்தில் எழுதிய தேதி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தடயம்.

இரண்டாவது, எந்தப் பங்கின் பதிவேடு என்று கண்டறிய வேண்டும். இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று வேறொரு தாய்ப்பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கலாம். பழைய பதிவுகள் தாய்ப்பங்கிலேயே இருக்கும். மறைமாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. தஞ்சை மறைமாவட்டம் 1952-இல் உருவானது. அதற்கு முன் அப்பகுதி மயிலாப்பூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. சிவகங்கை 1987-இல் மதுரையிலிருந்தும், திண்டுக்கல் 2003-இல் திருச்சியிலிருந்தும் பிரிந்தவை.

மூன்றாவது, பெயர்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் லத்தீன் பதிவேட்டில் பெத்ருஸ் என்று இருப்பார். சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் என்றால் யோவான்னஸ். சூசை என்பவர் யோசேப். முடியப்பன் என்பவர் ஸ்தேவான். ஞானப்பிரகாசம் என்பவர் அலோசியுஸ். திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலை இரண்டாம் அருள் சின்னப்பர் என்று நாம் அழைத்தோமே, அந்த வழக்கத்தை நினைத்துக்கொண்டால் போதும். அரசுப் பதிவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் தந்தை பெயர், ஊர், வயது ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்காவது, ஞானப்பெற்றோரின் பெயரையும் தேடுங்கள். அந்நிய நாட்டில் பிறந்த குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்பவர் பெரும்பாலும் ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருப்பார். ஒருவரைக் காணோமென்றால் அவரோடு கப்பலேறியவரைத் தேடினால் வழி கிடைக்கும்.

ஐந்தாவது, போன நாட்டின் பங்குக்கு எழுதுங்கள். தமிழர் குடியேறிய இடங்களில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கோவில்கள் எழுந்தன. சிங்கப்பூரில் லூர்து அன்னை ஆலயம் 1888-இல் கட்டப்பட்டது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய பங்குகள் உண்டு. கடிதத்தில் திருமுழுக்குப் பெயர், பெற்றோர் பெயர், சொந்த ஊர், உத்தேச ஆண்டு ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, பொறுமையோடு காத்திருங்கள். பதில் தர அங்கே தனி அலுவலர் இருப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

1911-க்கு முன் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு அரசுப் பதிவுகள் ஏராளமாக உள்ளன. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தந்தை பெயர், வயது, சாதி அல்லது மதம், மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் உள்ளன. மொரீசியஸ் நாட்டுக்குப் போனவர்களின் பதிவுகள் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அந்தப் பட்டியல்களில் மனிதனுக்கு எண் முதலில், பெயர் பிறகு. எத்தனை கூலி, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்பதற்காக எழுதப்பட்டவை அவை. திருமுழுக்குப் பதிவேட்டில் எண் வெறும் வரிசைக்காகவே. அங்கே ஒருவர் யாருடைய பிள்ளை என்பதும், அவருக்காக விசுவாசத்தில் பொறுப்பேற்றவர் யார் என்பதும் எழுதப்படுகிறது. ஏழைக்கும் பண்ணையாருக்கும் ஒரே பக்கம், ஒரே வாசகம்.

ஒரு வார்த்தை கவனமாகச் சொல்ல வேண்டும். பங்குப் பதிவேடுகள் பொது நூலகப் புத்தகங்கள் அல்ல. அவற்றில் மற்றக் குடும்பங்களின் செய்திகளும் உள்ளன. ஆகவே பங்குத்தந்தையின் அனுமதியின்றிப் படம் எடுப்பதோ இணையத்தில் போடுவதோ கூடாது. 2008-இல் வத்திக்கானின் குருக்கள் பேராயமும், இறந்தோருக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் மோர்மோன் சபையினருக்குப் பதிவேடுகளைப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று மறைமாவட்டங்களைக் கேட்டுக்கொண்டது.

மறந்தது யார்?

பினாங்கிலிருந்து ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. திருமணப் பதிவின் விவரத்தோடு, 1940-இல் பிறந்த ஒரு பெண் குழந்தையின் திருமுழுக்கு விவரமும் இருந்தது. குழந்தைக்குப் பெரிய தாத்தா வைத்த பெயர், தம் தாயின் பெயர். தாயை மறந்தவர் என்று நாங்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தவர் அவர்!

அந்தக் குழந்தையின் பதிவின் ஓரத்திலும் 1961-இல் பேராக் மாநிலத்தில் திருமணம் நடந்ததாகக் குறிப்பு இருந்தது. அந்தப் பங்குக்கு எழுதினேன். இப்படித்தான் என் தந்தைக்கு ஓர் அக்கா இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. தொலைபேசியில் முதன்முதலில் பேசியபோது அத்தை கேட்ட கேள்வியை நான் மறக்க முடியாது: "நீங்க எல்லாம் எங்களை மறந்துட்டீங்கன்னு இல்ல நாங்க நெனச்சோம்?"

நடந்தது இதுதான். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. 1945 வரை நீடித்த ஆக்கிரமிப்பில் இந்தியாவுக்குக் கடிதமோ பணமோ அனுப்ப வழியில்லாமல் போயிற்று. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டத் தொழிலாளரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943-இல் பெரிய தாத்தாவும் கொண்டுபோகப்பட்டார். திரும்பவில்லை. காலராவாலும் பட்டினியாலும் அங்கே மாண்ட தமிழர்கள் ஆயிரமாயிரம். அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. பெரிய பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர் முகவரி தாத்தாவோடு போய்விட்டது.

இங்கே ஒரு தாய் கடிதம் வரும் என்று காத்திருந்தார். அங்கே ஒரு மனைவி கணவர் வருவார் என்று காத்திருந்தார். இருவருமே கைவிடப்பட்டதாக நினைத்தார்கள். உண்மையில் யாரும் யாரையும் மறக்கவில்லை.

மத்தேயு நற்செய்தி ஒரு பெயர்ப்பட்டியலோடுதான் தொடங்குகிறது. வாசிக்கும்போது சலிப்பாகத் தோன்றும் அந்தப் பட்டியலில் மோவாபு நாட்டிலிருந்து மாமியாரோடு வந்த ரூத்து இருக்கிறார். தாமாரும் இராகாபும் உரியாவின் மனைவியும் இருக்கிறார்கள். மறைக்க விரும்பும் பெயர்களையும் நற்செய்தியாளர் மறைக்கவில்லை. உங்கள் தேடலிலும் மனதை வருத்தும் செய்தி கிடைக்கலாம். அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம். கடனோ சண்டையோ தெரியவரலாம். தீர்ப்பிடுவதற்காகத் தேடாமல், சேர்த்துக்கொள்வதற்காகத் தேடுவோம்.

இறந்தோருக்காக வேண்டுவது நல்ல எண்ணம் என்று மக்கபேயர் நூல் நமக்குக் கற்பிக்கிறது. அவர்கள் எங்கே, எந்த நாளில் இறந்தார்கள் என்பது நமக்குத் தெரியாவிட்டாலும் இறைவனுக்குத் தெரியும். எந்தக் காட்டில் எந்த மரத்தடியில் புதைக்கப்பட்டாலும், அவருடைய திருமுழுக்கு எங்கள் ஊர்க் கோவிலில் இன்னும் எழுதப்பட்டே இருக்கிறது.

இந்த நவம்பரில் எங்கள் வீட்டுப் பட்டியலில் பெரிய தாத்தாவின் பெயரை எழுதினோம். கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு அடுத்த வரியில் எழுதச் சொன்னார் என் தந்தை. இறந்த தேதி என்ற இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டோம். அதே நாளில் பேராக்கிலும் அத்தை ஒரு பூசைக்குக் கொடுத்திருந்தார்.

உங்கள் வீட்டுப் பட்டியலில் விடுபட்ட பெயர் யாருடையது? கேட்டுப் பாருங்கள். பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். அவர் பெயரும் அந்த அலமாரியில் காத்துக்கொண்டிருக்கலாம்.